மூன்று வண்டிகளும் போன பிறகு

அந்த ரோட்டில் வளைவே கிடையாது. அதனால் அவர்கள் போவது ரொம்ப நேரம் தெரிந்தது.

முன்னால் கரீம் பாயின் புல்லட். நடுவில் கண்டக்டர். கடைசியில் பாபு. மூன்று முதுகுகள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. வண்டிகள் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பொட்டு மாதிரி சின்னதாகி, பிறகு வெயிலில் எங்கேயோ கரைந்துவிட்டன.

நான் ரோட்டு ஓரத்தில் நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் ஏரி. ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. முந்தானையில் வேலிகாத்தான் முள் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இது நடந்து ரொம்ப நாளாகவில்லை. போன தையோ அதற்கு முந்தின தையோ. சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் என் வீட்டுக்காரர் இறந்த சமயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு எதிர்வீட்டு டீச்சரம்மா, "ஏங்க, மனசே கஷ்டமாப் போச்சு. இந்த வாரம் சிரிக்கிற மாதிரி எதுனா எழுதுங்க" என்றார். மோட்டார் சைக்கிளில் கடலுக்குப் போன கதையை எழுதுகிறேன் என்றதும் அவருக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பான கதைதான் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன்.

நாலு பேர்

என் வீட்டுக்காரர் தனபால் திருத்தணி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் இருந்தார். அவருக்கு மூன்று சிநேகிதர்கள். அரக்கோணம் ரோட்டில் வண்டி பழுது பார்க்கும் கரீம் பாய். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன முனிரத்தினம். அவரை இன்றைக்கும் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது ஆர்.கே.பேட்டை பாபு. பவர்லூம் தறி ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு. என் வீட்டுக்காரரை பாவா என்று, அக்கா புருஷன் முறை வைத்துக் கூப்பிடுவார்.

பொங்கல் கழிந்து ஏரிக்கு வெளியூர்ப் பறவைகள் வந்திறங்கும் சமயத்தில் நாலு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா, சூளூர்பேட்டை. அங்கே ஏரிக்கு நடுவே போகிற ரோட்டில் பறவை பார்ப்பார்கள். பிறகு பழவேற்காட்டில் கடல். கரீம் பாயின் அக்கா வீடு அங்கே இருக்கிறது. ராத்திரி அங்கே தங்கிவிட்டு மறுநாள் திரும்புவார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை. கல்யாணம், சாவு, மழை எது வந்தாலும் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

வந்ததும் நான் கேட்பேன். "எப்படி இருந்துச்சு?"

"ம். நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பேண்டை ஊறவைக்கும்போது மடிப்பிலிருந்து மணல் கொட்டும். பக்கெட் அடியில் தங்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த மணலைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். எங்கள் ஊர் மணல் மாதிரி இருக்காது. பொடியாக, பளபளவென்று, நடுநடுவே கிளிஞ்சல் உடைசலோடு இருக்கும். பிறகு அதையும் முருங்கை மரத்தடியில் கொட்டிவிடுவேன்.

நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா, வா என்று சொல்லியிருப்பாரா, அது இனிமேல் தெரியாது.

கதவுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் டீ ஆற்றிக்கொண்டிருப்பேன். தட்டில் வைத்து வாசற்படி ஓரம் நீட்டினால் அவர் வந்து வாங்கிக்கொள்வார்.

"சர்க்கரை போதுமா கேளுங்க" என்று அவரிடம் சொல்வேன். அவர் அவர்களிடம் கேட்பார். "போதும்னு சொல்லு" என்று அவர்கள் அவரிடம் சொல்வார்கள். இரண்டு பக்கமும் காதில் விழும். ஆனாலும் அவர் வழியாகத்தான் போய் வரும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்று சொல்லவும் குரல் வராது. பக்கத்துப் பெண் சொல்வாள். அந்தப் பள்ளிக்கூடமும் ஐந்தாவதோடு முடிந்துவிட்டது. இப்படி எழுதுவது எனக்குச் சுலபம். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவர்களும் அப்படித்தான். ஒருநாளும் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. சிநேகிதன் வீட்டுப் பெண்பிள்ளை என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தெருவில் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி, நான் தாண்டிப் போகும்வரை டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாய் என்னைத் தங்கச்சி என்பார். கண்டக்டர் அண்ணி என்பார். பாபு அக்கா என்பார். அதுவும் நேராகச் சொல்வதில்லை. 'தங்கச்சிக்கு உடம்பு தேவலையா' என்று அவரிடம் கேட்பதோடு சரி.

நான் அவர்களை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை.

அவர் இறந்தபோது மூன்று பேரும் வந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். எல்லாவற்றையும் அவர்கள்தான் பார்த்தார்கள். சாயந்திரம் பாய் என் மகளிடம், "அம்மா எதுனா சாப்ட்டாங்களா?" என்று கேட்டார். நான் மகளின் தோளில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

காலி இடம்

முதல் வருஷம் அவர்கள் போகவில்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. பாய் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"பொங்கல் கழிஞ்சி ஏரிக்குப் போலாம்னு கீறோம், தங்கச்சி. போன வருசம் மனசு வரல."

"ஆங்" என்றேன்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் கண்டக்டர்.

"முழுசா சொல்லுய்யா" என்று பாபு அவரை இடித்தார். "வழியெல்லாம் ஒத்திகை பாத்துகினு வந்த இல்ல?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல அண்ணி. தனபால் இடம் காலியா கீது. பின்சீட்டு மூணும் சும்மாதான் போவுது. நீங்களும் வரீங்களான்னு கேக்கலாம்னு..."

"வரேன்" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது மூன்று பேருமே காலண்டரைப் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது. மரியாதைக்குக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாங்க என்று நான் சொல்வேன், சரிங்க என்று போய்விடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"அதான் பாய் சொன்னாரே" என்று பாபு எதையோ சொல்லி முடித்தார். பாய் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஓசூரிலிருந்து மகள் போனில் சிரித்தாள். "யம்மா, புல்லட்டுலயா? எங்க அப்பா கூட ஸ்கூட்டர்ல குந்தவே அப்படி நடுங்குவ." பிறகு, "போய்ட்டு வா. தனியா அந்த வூட்லயே எத்தினி நாளுதான் இருப்ப" என்றாள்.

எனக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை இல்லை. அந்த மணல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மாற்றி மாற்றி

விடியும் முன்னால் கிளம்பினோம். மலைமேல் கோயில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஆள் வண்டியில் முழுவதும் நான் போவது யாருக்கும் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. அதனால் மாற்றி மாற்றி ஏற்றிக்கொள்வதாக அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஊத்துக்கோட்டை வரை கண்டக்டர். அங்கிருந்து ஏரி வரை பாய். பிறகு பாபு. என் பை வழி முழுக்க பாபு வண்டியில்தான் கட்டியிருந்தது. போனும் அதற்குள்ளேயே.

நான் ஒருபக்கமாகத்தான் உட்காருவேன். முன்னால் இருப்பவர் தோளைப் பிடிக்க முடியுமா? பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தலையில் ஹெல்மெட். அது பாய் வீட்டம்மாளுடையது. உள்ளே மல்லிகைப்பூ வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்கும் முன் "குந்திகினியா?" என்று கேட்பார். "ம்" என்பேன். ம் வராமல் அவர் வண்டி நகராது. ஒருதடவை கோபத்தில் நான் ம் சொல்லவில்லை. நாகலாபுரம் போகிற பஸ் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, நடு ரோட்டில் அப்படியே நின்றார்.

இவர்கள் கேட்கவில்லை. ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பயணம் நன்றாக இருந்தது. அதை மறைக்கக்கூடாது. கனகம்மாசத்திரத்தில் டீ. பூண்டி ஏரிக்கரையில் மூடுபனி. ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா பக்கம் நுழைந்ததும் மிளகாய் காயப்போட்ட நெடி. தடாவுக்கு அப்புறம் காற்றே மாறிவிட்டது. உதட்டை நக்கினால் உப்பு. வீட்டில் இருந்தால் அந்த நேரத்துக்கு நான் ஒரு டம்ளர் காபியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வழியில் அவர்கள் மூன்று பேரும் வண்டியிலிருந்தே ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு வந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்து கேட்ட மாதிரியேதான் இருந்தது. கதவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பறவைகள்

சூளூர்பேட்டையிலிருந்து ஏரிக்குள் போனோம். தண்ணீருக்கு நடுவே மண்மேடு கொட்டி ரோடு போட்டிருக்கிறார்கள். பாதி தூரத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். தூரத்தில் தண்ணீர்மேல் ரோஜாப்பூ நிறத்தில் நீளமாக ஒரு கோடு.

"அதான் அக்கா, பூநாரை" என்றார் பாபு, என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி.

அந்தக் கோட்டில் ஒரு பகுதி எழும்பியது. மேலே போனதும் இறக்கைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. நான் இத்தனை வருஷம் பக்கெட்டில் பார்த்தது மணலை மட்டும்தான். இதை அவர் சொல்லவே இல்லை. நல்லா இருந்துச்சு என்றார். நல்லாத்தான் இருந்தது.

அவர்கள் ஒரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். விடியற்காலை கிளம்பியது. வழியில் எங்கேயும் இறங்கி ஒதுங்க முடியவில்லை. ஆண்பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெல்ல மேட்டிலிருந்து இறங்கி, வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் போனேன்.

அங்கே இருக்கும்போதுதான் புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டது.

வண்டியைத் திருப்புகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வண்டியும் கிளம்பியது. அடுத்ததும். அவசரமாக ஏறினேன். முள்ளில் முந்தானை மாட்டியது. இழுத்துக்கொண்டு மேலே வந்தபோது அவர்கள் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

பாய் என்று கத்தலாம். நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அண்ணா என்று கத்தலாம். அதுவும் இல்லை. ஏங்க என்பது ஒருவருக்கு மட்டுமே சொன்ன வார்த்தை. எதைச் சொன்னாலும் தப்பு மாதிரி இருந்தது. யோசித்து முடிப்பதற்குள் தூரம் கூடிவிட்டது. கடைசியில் இரண்டு கையையும் தட்டினேன். காற்று அதை ஏரிப்பக்கம் கொண்டுபோய்விட்டது.

யாருக்காக நிற்கிறாய்

இப்போது திரும்பிவிடுவார்கள் என்று நின்றேன். நிழல் இல்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். வெயில் ஏறியது.

ஒரு கார் வந்து நின்றது. சின்ன வயதுப் புருஷன் பெண்டாட்டி இறங்கினார்கள். பறவை பின்னால் தெரியும்படி நின்று தாங்களே படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்து போனை நீட்டி, "ஆன்ட்டி, ஒக போட்டோ" என்றாள். வாங்கி எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று என்றாள். அதையும் எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷமாக ஏறிப் போய்விட்டார்கள். நடு ஏரியில் ஒரு கிழவி தனியாக எதற்கு நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு போன் பண்ணிக் கொடு என்று கேட்டிருக்கலாம். எனக்கு மகள் நம்பர் மட்டும் மனப்பாடம். அவள் ஓசூரில் இருந்து என்ன செய்வாள், பயப்படுவதைத் தவிர?

அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. பின்னால் இறால் கூடையோடு ஒரு பெண். தாண்டிப்போன ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அவளே எட்டிப் பார்த்தாள். யாருக்காக நிற்கிறாய் என்று தெலுங்கில் கேட்டாள்.

"வருவாங்க" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

"எவரு?"

"மா வாள்ளு." எங்கள் ஆட்கள்.

"விட்டுட்டுப் போய்ட்டாங்களா?" என்று தமிழுக்கு மாறிச் சிரித்தாள். "எம்புருசனும் ஒருதடவ இப்டிதான். சந்தையில விட்டுட்டு ஊரு வரிக்கும் பேசிகினே போய்ட்டான், நான் பின்னால கீறன்னு. ஏறு. சூளூர்பேட்டையில எறக்கி வுடறேன். வெயில்ல செத்துப்பூடுவ."

கூடையை நகர்த்தி இடம்கூடச் செய்தாள். நான் ஏறவில்லை. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏன் ஏறவில்லை என்று பிறகு மகள் என்னைத் திட்டினாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஏறியிருந்தால் பஸ் பிடித்து எப்படியாவது வீடு வந்து சேர்ந்திருப்பேன். அது எனக்கு முடியும். ஆனால் நான் இல்லாததை அவர்கள் கவனித்தார்களா, திரும்பி வந்தார்களா என்பது தெரியாமலே போயிருக்கும். அவர் போன பிறகு அந்த வீட்டில் நான் தினமும் இருக்கிறேன். நான் இருப்பது யாருக்காவது தெரிகிறதா என்று யாரையும் கேட்க முடியாது. அன்றைக்கு அந்த ரோட்டில் நின்றால் தெரிந்துவிடும். வராவிட்டாலும் தெரிந்துவிடும்.

அதனால் நின்றேன்.

பறவைகள் ஒரே காலில் நின்றன. அத்தனை ஆயிரம் இருந்தும் ஒன்றையொன்று தொடாமல், கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு நின்றன.

நாலாவது தட்டு

நிழல் காலடிக்கு வந்த சமயத்தில் ரோட்டின் கோடியில் பொட்டு மாதிரி தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பாய் எனக்கு வெகுதூரம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார். ஸ்டாண்டு போடாமலே இறங்கப் பார்த்தார். பாபு வந்து பிடித்துக்கொண்டார். கண்டக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, பாபு வண்டில குந்திகினீங்கன்னு நெனச்சேன்" என்றார் பாய்.

"என் பின்னால பை கட்டியிருக்குதே" என்றார் பாபு. "பாய் வண்டி பெருசு, அக்கா சௌரியமா அதுலயே குந்திட்டாங்கன்னு நான் நெனச்சேன். நடுவுல கண்டக்டர் மறைச்சிகினு போனாரு."

"ஒரு தபா திரும்பிப் பாத்தா இன்னாய்யா கொறஞ்சிபூடும் ரெண்டு பேருக்கும்?" என்றார் கண்டக்டர்.

"நீ பாத்தியா? சர்வீஸ் பூரா பஸ்ல தலைய எண்ணின ஆளு நீ. மூணுக்கு மேல ஒண்ணு எண்ண வரல உனக்கு" என்றார் பாபு.

"அது பஸ்ஸு. இவங்க தனபால் வூட்டம்மா. திரும்பித் திரும்பிப் பாத்துகினா வர முடியும்?"

பாய் கைப்பிடியில் இருந்த கண்ணாடியைத் தொட்டார். அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடி பின்சீட்டு தெரியாதபடி வெளிப்பக்கம், ஏரிப்பக்கம் திரும்பியிருந்தது. மற்ற இரண்டு வண்டிகளிலும் அப்படியே.

"காலையில நான்தான் திருப்பி வெச்சேன்" என்றார். "நீங்க கூச்சப்படுவீங்கன்னு."

சூளூர்பேட்டை ஓட்டலில் உட்கார்ந்து நாலு தோசை சொல்லியிருக்கிறார்கள். நாலு தட்டும் வந்தது. நான் பின்பக்கம் முகம் கழுவப் போயிருக்கிறேன் என்று மூன்று பேரும் நினைத்தார்கள். பெண்பிள்ளை, நேரம் ஆகும், கேட்கக்கூடாது என்று அவரவர் தோசையைச் சாப்பிட்டார்கள். நாலாவது தட்டில் சட்னி காய்ந்து தோல் கட்டிவிட்டது. ஓட்டல்காரம்மா வந்து, இது யாருக்கு என்று கேட்டிருக்கிறாள். தனபால் இருந்தபோது சொல்கிற பழக்கத்தில் நாலு சொல்லிவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியதாம். இதைச் சொல்லிவிட்டு கண்டக்டர் கையிலிருந்த ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஓட்டல்காரம்மா பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையே என்றாளாம். என் போனுக்கு அடித்தார்கள். பாபு வண்டியில் பை மணியடித்தது.

"வழியில ஆட்டோக்காரங்க கிட்டல்லாம் கேட்டுகினு வந்தோம், அக்கா" என்றார் பாபு. "இவரு பச்சப் பொடவைன்றாரு. பாய் நீலம்ன்றாரு."

என் புடவை காப்பிப்பொடி நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த நாலாவது தோசையைப் பார்சல் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். ரோட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மூன்று முதுகுகளும் ஏரியைப் பார்த்து நின்றன.

"வூட்டுக்கே திரும்பிடலாம்" என்றார் பாய். "போதும் இந்த வருசம்."

"ஆமா, ஆமா" என்றார்கள் மற்ற இருவரும்.

நான் பொட்டலத்தை மடித்தேன். "கடலுக்குப் போவணும்" என்றேன்.

யார் வழியாகவும் சொல்லவில்லை. நேராக அவர்களிடம் சொன்னேன்.

கடல்

பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாயின் அக்கா வீட்டில் டீ குடித்துவிட்டு, பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். படகுகள் கரையில் சாய்ந்து கிடந்தன. ஒருவர் தனியாக உட்கார்ந்து வலையைச் சீர்பண்ணிக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லை.

நான் தண்ணீர்ப்பக்கம் நடந்தேன். அவர்கள் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன் என்று, மூன்று பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஊர்ப்பக்கம் பார்த்து நின்றார்கள். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து, கடலைப் பார்க்காமல்.

கணுக்கால் வரை நின்றேன். அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணல் ஓடியது.

"அவரு இங்க இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டேன்.

"தனபாலா?" கண்டக்டர் திரும்பாமலே சொன்னார். "ஒண்ணும் பண்ண மாட்டான். நாங்க எறங்கிக் குளிப்போம். அவன் எங்க துணிமணிக்குக் காவல் குந்திகினு இருப்பான். தண்ணின்னா பயம் அவனுக்கு."

தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். எனக்குத் தெரியாது. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"எதுனா பேசுவாரா?"

"எங்க பேசினான்? சும்மா மணல அள்ளி அள்ளிக் கொட்டிகினு இருப்பான்" என்றார் பாபு.

நாலு பேராகத்தான் வந்திருக்கிறார்கள். அவர் இங்கேயும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பிறகு பாய் பேசினார்.

"தங்கச்சி. அந்த ஓட்டல்காரம்மா கேட்டாங்க. காணாம போனவங்க பேரு இன்னான்னு. ரோட்டுல நின்னு சத்தமா கூப்புட்டுப் பாருங்க, எங்கனா ஒதுங்கியிருப்பாங்கன்னு சொன்னாங்க. நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினோம். தனபால் சம்சாரம்னு சொன்னேன். அது பேரா, அப்படின்னு அந்தம்மா கேட்டுடிச்சி." காலால் மணலைத் தள்ளினார். "இத்தினி வருசம் உங்க கையால டீ குடிச்சிகீறோம். உங்க பேரு இன்னாம்மா?"

அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆட்களை நினைத்துப் பார்த்தேன். அப்பா, அம்மா. என் அக்கா, அவளும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் இந்தாம்மே என்பார். பிள்ளைக்கு அம்மா. தெருவுக்கு மண்டிக்காரம்மா. ரேஷன் கடையில்கூட இப்போது பேர் கூப்பிடுவதில்லை. விரலை வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பேர் தெரிந்து, அதை வாயால் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"காத்துல கேக்கலம்மா" என்றார் பாய்.

மறுபடி சொன்னேன். பெரிய அலை ஒன்று உடைந்து அதை மூடிவிட்டது.

"கேக்கலக்கா" என்றார் பாபு. "சத்தமா சொல்லுங்க. இங்க யாரு கீறாங்க?"

முட்டி வரை தண்ணீர் வந்து புடவை நனைந்துவிட்டது. நான் கடலைப் பார்த்து, எனக்கு இருக்கும் குரல் முழுவதையும் போட்டுக் கத்தினேன்.

"அலமேலு."

வலை சீர்பண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அலமேலு" என்று பின்னால் ஒரு குரல் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. பிறகு இன்னொரு குரல். மூன்றாவது குரல் அலமேலும்மா என்றது. மூன்று குரலும் இப்போது நேராக என் முதுகில் வந்து பட்டன. அவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

நான்தான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று, கடலைப் பார்த்தபடியே நின்றேன்.